அண்ணாவின் கடிதமும் நடக்காத வாக்கெடுப்பும்

அண்ணா மொன்றியலிலிருந்து எழுதிய கடிதம் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தபோது 1995ஆம் ஆண்டு டிசம்பர் பாதி கழிந்திருந்தது. கடிதத்தின் தலைப்பில் அவர் இட்டிருந்த திகதி ஒக்டோபர் 31. அதற்கு முதல்நாள், மொன்றியல் இருக்கும், பிரெஞ்சு பேசுவோர் பெரும்பான்மையான கியூபெக் மாகாணத்து மக்கள், கனடாவிலிருந்து பிரிந்து இறைமையுள்ள நாடாவதா என்ற கேள்விக்கு வாக்களித்திருந்தார்கள். அதே நாளில்தான், யாழ்ப்பாணத்தில், போரினால் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசலை விட்டு, செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தார்கள். எங்கள் வீட்டில் அன்றிரவு அம்மா வானொலிப் பெட்டியை விட்டு எழும்பவில்லை. கொக்குவிலில் இருந்த சின்னம்மா குடும்பம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அறிய எங்களுக்கு மூன்று கிழமை எடுத்தது. உலகத்தின் மறுபக்கத்தில் ஒரு மாகாணம் மயிரிழையில் நாடாகாமல் போன செய்தியை அந்தக் கடிதம் வரும்வரை நான் அறிந்திருக்கவே இல்லை.

அண்ணா கனடாவுக்குப் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கோட் டி நேஜ் என்ற பகுதியில், தமிழரும் வங்காளிகளும் வியட்நாமியரும் பிலிப்பீன்காரரும் நெருங்கி வாழ்ந்த ஒரு மாடிக் கட்டடத்தில் குடியிருந்தார். ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் வேலை. குடியுரிமை கிடைத்தபின் அவர் போட்ட முதலாவது முக்கியமான வாக்கு அது. தெருக் கம்பங்களில் ‘ஆம்’ பக்கத்தார் கட்டியிருந்த சுவரொட்டிகள் தனக்கு மிகவும் பிடித்திருந்தன என்று எழுதியிருந்தார். பிரெஞ்சு மொழியில் ‘ஆம்’ என்ற சொல்லின் முதல் எழுத்து வட்டமானது. ஒரு சுவரொட்டியில் அந்த வட்டத்தின் இடத்தில் ஒரு பூ, இன்னொன்றில் சமாதானச் சின்னம், மற்றொன்றில் பூமிப்பந்து, வேறொன்றில் கனடாவின் ஒரு டொலர் நாணயம். கோபமோ வசையோ இல்லாமல், வரப்போகும் நாளைப் பற்றி மட்டுமே பேசிய சுவரொட்டிகள் அவை. ஆனால் அந்தச் சுவரொட்டிகளைக் கட்டியவர்களில் ஒருவர்கூட அண்ணாவின் கட்டடத்துப் படிகளில் ஏறவில்லை. ‘இல்லை’ பக்கத்தார் இரண்டு தடவை வந்து கதவைத் தட்டித் துண்டுப்பிரசுரம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ‘ஆம்’ பக்கத்தார் அந்தக் கட்டடத்தைத் தங்களுடையதல்ல என்று முன்கூட்டியே கணக்கில் தள்ளிவிட்டார்கள் போலும்.

அவர் ‘இல்லை’ என்றே புள்ளடி போட்டார். அதை எழுதும்போது அவருடைய கையெழுத்து மாறியிருந்ததை இன்றும் பார்க்கலாம். வரிகள் கீழ்நோக்கிச் சரிந்திருக்கின்றன. மொழிக்காகப் போராடுகிற ஒரு மக்கள் கூட்டத்தின் ஏக்கம் தனக்கு விளங்காத ஒன்றல்ல என்றும், 1977இல் பிரெஞ்சு மொழியைக் காக்கச் சட்டம் இயற்றியவர்கள் மீது தனக்கு மரியாதை உண்டு என்றும், ஆனாலும் கடவுச்சீட்டும் வேலையும் அம்மாவைக் கூப்பிடுவதற்குப் போட்டிருந்த விண்ணப்பமும் என்னவாகும் என்று சொல்ல யாருமே வரவில்லை என்றும் எழுதியிருந்தார். அன்றிரவு தொலைக்காட்சியில் முதலில் ‘ஆம்’ முன்னே நின்றது. பிறகு மொன்றியல் பக்கத்து முடிவுகள் வர வர இடைவெளி சுருங்கி, கடைசியில் ‘இல்லை’ 50.58 வீதமும் ‘ஆம்’ 49.42 வீதமும் ஆயின. 93 வீதத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்த அந்தத் தேர்தலில் வித்தியாசம் 54,288 வாக்குகள். மாகாண முதல்வர் ஜாக் பரிசோ மேடைக்கு வந்து, தாங்கள் தோற்றது பணத்தாலும் இனக்குழு வாக்குகளாலும் என்று சொன்னார். மறுநாள் பதவி விலகப்போவதாக அறிவித்தார்.

தமிழர் என்பதற்காக ஒரு நாட்டிலிருந்து துரத்தப்பட்டு வந்த தன்னை, இன்னொரு நாட்டில், ஒரு மக்களின் விருப்பத்துக்குக் குறுக்கே நின்ற ‘இனக்குழு வாக்கு’ என்று ஒருவர் விரல் நீட்டிச் சொன்னதைக் கேட்டு அன்றிரவு தூங்கவில்லை என்று அண்ணா எழுதியிருந்தார். உணவகத்தில் அவருக்கு மேல் வேலை செய்த சமையற்காரர் ‘ஆம்’ கட்சியில் முழு மூச்சாக நின்றவர். மறுநாட் காலை அவர் ஒன்றும் பேசாமல் அண்ணா கழுவ வேண்டிய பெரிய சட்டிகளைத் தானே எடுத்துக் கழுவி வைத்தாராம். வெட்கத்தை அவர் அப்படித்தான் சொன்னார் என்று அண்ணா நினைத்தார். நானும் அப்படியே நினைக்கிறேன்.

நான் கணித ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். அரசாங்க ஊழியன் என்ற முறையில் ஏறத்தாழ எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிப்பு நிலையத்திலோ வாக்கெண்ணும் நிலையத்திலோ கடமை செய்திருக்கிறேன். அந்தக் கடிதம் வந்த நாள் முதல், எந்த மூலையில் ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடந்தாலும் கிடைத்ததையெல்லாம் வாசித்து வருகிறேன். யார் வென்றார் என்பதைக் காட்டிலும், தங்களுக்கு வாக்களிக்க மாட்டார்கள் என்று தெரிந்தவர்களோடு ஒவ்வொரு பக்கமும் எப்படிப் பேசியது என்பதையே நான் தேடுகிறேன். ஒரு பிரசாரத்தின் தரத்தை அங்கேதான் அறியலாம் என்பது என் துணிபு. பல வேளைகளில் முடிவும் அங்கேதான் இருக்கிறது.

கியூபெக்கிலேயே இதற்கு முந்திய சான்று ஒன்று உண்டு. 1980ஆம் ஆண்டு மே 20ஆம் திகதி அங்கு முதலாவது வாக்கெடுப்பு நடந்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, ‘ஆம்’ பக்கத்து அமைச்சர் லிஸ் பயெத் என்ற அம்மையார், பள்ளிப் புத்தகத்தில் வரும் இவெத் என்ற அடக்கமான சிறுமியை எடுத்துக்காட்டி, பெண்கள் அந்தச் சிறுமியைப் போல் அடங்கிக் கிடக்கக் கூடாது என்று பேசினார். அதுவரை நல்ல பேச்சுத்தான். ஆனால் எதிர்ப்பக்கத் தலைவர் குளோட் ரயனின் மனைவியே அப்படியொரு இவெத் என்றும் சொல்லிவிட்டார். சில கிழமைக்குள், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் ‘நாங்கள் இவெத்துகள்’ என்று தாங்களே பெயர் சூட்டிக்கொண்டு கூடத் தொடங்கினார்கள். ஏப்ரல் 7ஆம் திகதி மொன்றியலின் பெரிய விளையாட்டரங்கில் ஏறத்தாழ 14,000 பெண்கள் திரண்டார்கள். அந்த வாக்கெடுப்பில் ‘இல்லை’ 59.56 வீதம் பெற்றது. ஒரு பேச்சினால் மட்டும் அவ்வளவு பெரிய இடைவெளி ஏற்பட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதுவரை வாயில்லாமலிருந்த ஒரு பக்கத்துக்கு அந்தப் பேச்சு வாயைக் கொடுத்தது. பெண்களின் விடுதலையை மனதார விரும்பிய ஒருவர், தன்னுடைய வழியில் வராத பெண்களை ஒரு சொல்லால் சிறுமைப்படுத்தியதன் விலை அது.

வாக்குச்சீட்டில் அச்சிடப்படும் கேள்வியும் பிரசாரத்தின் ஒரு பகுதிதான். 1995இல் கியூபெக் மக்களிடம் கேட்கப்பட்ட கேள்வி, கனடாவுக்குப் புதிய பொருளாதார, அரசியற் பங்காண்மை ஒன்றை முறைப்படி முன்வைத்த பின், கியூபெக்கின் எதிர்காலம் பற்றிய சட்டமூலத்தினதும் 1995 ஜூன் 12இல் கையொப்பமிடப்பட்ட உடன்படிக்கையினதும் வரம்புக்குள் கியூபெக் இறைமையுடையதாக வேண்டும் என்பதற்கு உடன்படுகிறீர்களா என்று நீண்டு போனது. ‘நாடு’ என்ற சொல்லே அதில் இல்லை. பிரிவு என்ற கசப்பைப் பங்காண்மை என்ற வெல்லத்தில் பொதிந்து கொடுத்தார்கள். தயங்கி நின்றவர்களில் ஒரு பகுதியினரை அது இழுத்திருக்கலாம். ஆனால் வென்றிருந்தால், எதற்கு வாக்களித்தோம் என்ற சண்டை மறுநாளே தொடங்கியிருக்கும். 1998இல் கனடாவின் உச்ச நீதிமன்றமும் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை வேண்டும் என்று சொன்னது.

பிரித்தானியாவிலிருந்து பிரிவதா என்று 2014 செப்டெம்பர் 18இல் வாக்களித்த ஸ்கொட்லாந்துக்காரர் அந்தப் பாடத்தைப் படித்திருந்தார்கள். எடின்பரோவில் 2012 ஒக்டோபரில் பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரனும் ஸ்கொட்லாந்தின் முதலமைச்சர் அலெக்ஸ் சல்மண்டும் கையொப்பமிட்ட உடன்பாட்டின்படி, கேள்வியைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு தேர்தல் ஆணைக்குழுவுக்குப் போனது. ‘சுதந்திர நாடாக வேண்டும் என்பதை ஏற்கிறீர்களா’ என்று சல்மண்டின் அரசாங்கம் முன்வைத்த கேள்வி ஆளை ‘ஆம்’ பக்கம் மெதுவாகத் தள்ளுகிறது என்று ஆணைக்குழு கண்டது. கடைசியில் ‘ஸ்கொட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா?’ என்ற கேள்வி மட்டும் சீட்டில் அச்சாயிற்று. வகுப்பில் ஒரு பிள்ளையிடம் ‘விளங்கியதுதானே?’ என்று கேட்டால் ‘ஓம் சேர்’ என்றுதான் பதில் வரும், ‘என்ன விளங்கியது?’ என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும் என்பதை முப்பத்தெட்டு ஆண்டுகள் கண்டவன் என்ற முறையில், அந்தச் சின்னத் திருத்தத்தை நான் பெரிய காரியமாகவே மதிக்கிறேன்.

அச்சமூட்டுவது வாக்கெடுப்புப் பிரசாரத்தின் பழைய ஆயுதம். 1995இல் கனடாவின் நிதியமைச்சர் போல் மார்ட்டின், பிரிந்தால் ஏறத்தாழ பத்து இலட்சம் வேலைகளுக்கு ஆபத்து என்றார். அவ்வளவு பெரிய எண்ணைக் கேட்டவர்கள் நம்பவில்லை, பலர் சிரித்தார்கள். அந்த நாட்களில் ‘ஆம்’ பக்கம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. தோல்விப் பாதையில் போய்க்கொண்டிருந்த அந்தப் பிரசாரத்தின் முன்னிலையில் ஒக்டோபர் 7ஆம் திகதி, கனடா நாடாளுமன்றத்தில் கியூபெக் பிரிவினைக் கட்சிக்குத் தலைமை தாங்கிய லூசியன் புஷாரை நிறுத்தியதுதான் காரணம். முந்திய டிசம்பரில் கொடிய கிருமித் தொற்றினால் ஒரு காலை இழந்து, சாவின் வாசல்வரை போய் மீண்டு, கைத்தடியோடு மேடையேறிய மனிதர் அவர். கணக்குப் புத்தகங்களைப் பார்த்துத் தயங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒரு மனிதரைப் பார்த்து நம்பத் தொடங்கினார்கள். அச்சத்துக்கு மறுப்பு எழுதிக்கொண்டிருப்பதைவிட, அச்சப்படுகிறவர் நம்பக்கூடிய ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துவது எவ்வளவு வலியது என்பதை அந்த மூன்று கிழமைகள் காட்டின.

ஸ்கொட்லாந்தில் அச்சம் வேறு விதமாக வேலை செய்தது. 2014 பெப்ரவரியில் பிரித்தானிய நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ன் எடின்பரோவுக்குப் போய், பிரிந்தால் பவுண் நாணயத்தைப் பங்கிட முடியாது என்று கதவை அடித்துச் சாத்தினார். இலண்டனிலிருந்து வந்து மிரட்டுகிறார் என்ற கோபம் எழுந்ததே தவிர, ‘ஆம்’ சரியவில்லை. ஆனால் கோபம் ஆறிய பிறகும் கேள்வி அங்கேயே கிடந்தது. ஓகஸ்ட் 5ஆம் திகதி நடந்த முதலாவது தொலைக்காட்சி விவாதத்தில், ‘இல்லை’ பக்கத்தின் தலைவர் அலிஸ்டர் டார்லிங், பவுண் கிடைக்காவிட்டால் மாற்று வழி என்ன என்று சல்மண்டைத் திரும்பத் திரும்பக் கேட்டார். சல்மண்டிடம் ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் இருக்கவில்லை. டார்லிங் ஸ்கொட்லாந்துக்காரர், கேட்டது ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் இருக்கும் தாளைப் பற்றி. பத்து இலட்சம் வேலை என்ற எண் செய்யாததை இந்தக் கேள்வி செய்தது. ஓய்வூதியம் எந்த நாணயத்தில் வரும் என்று ஒரு முதியவர் கேட்டால், அவருக்கு நாட்டுப்பற்று இல்லை என்று சொல்லிவிட முடியாது. அண்ணா கேட்டதும் அதே வகைக் கேள்விதான்.

அந்த ஆண்டு செப்டெம்பரில் நான் க.பொ.த. சாதாரண தர வகுப்புக்குப் புள்ளிவிபரவியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வாக்களிப்புக்குப் பதினொரு நாட்கள் இருக்கையில், தீர்மானிக்காதவர்களை நீக்கிப் பார்த்தால் ‘ஆம்’ 51, ‘இல்லை’ 49 என்று யூகவ் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பு வெளிவந்தது. ஆண்டுக்கணக்கில் மூன்றில் ஒரு பங்கு அளவில் நின்ற ஆதரவு பாதியைத் தாண்டிவிட்டது என்றதும் இலண்டன் கலங்கியது. நான் அந்த எண்களைக் கரும்பலகையில் எழுதி, ஆயிரம் பேரளவில் கேட்டு எடுத்த கணிப்பில் மூன்று வீதம் இங்கே அங்கே விலகலாம் என்று விளக்கினேன். ‘அப்படியென்றால் யார் முன்னுக்கு நிற்கிறார் என்று இதை வைத்துச் சொல்லவே முடியாதே, சேர்?’ என்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள். சொல்ல முடியாதுதான். ஆனால் ஒன்றும் சொல்ல முடியாத அந்த இரண்டு புள்ளி வித்தியாசத்தைக் கண்டு, மூன்று கட்சித் தலைவர்கள், கமரனும் மிலிபாண்டும் கிளெக்கும், கூடுதல் அதிகாரம் தருவோம் என்று கையொப்பமிட்ட வாக்குறுதி செப்டெம்பர் 16ஆம் திகதி ஒரு பத்திரிகையின் முதற்பக்கத்தில் வந்தது. கருத்துக்கணிப்பு மக்களின் மனதை அளப்பதற்கு வந்த கருவி. அந்தக் கிழமை அது தலைவர்களின் மனதை மாற்றும் கருவியாயிற்று.

வாக்களிப்பு முடிந்ததும், வாக்களித்தவர்களிடம் எடுத்த வேறொரு கருத்துக்கணிப்பிலிருந்து இன்னொரு எண் உலகெங்கும் பரவியது. முதற்தடவையாக வாக்குரிமை பெற்ற 16, 17 வயதினரில் 71 வீதத்தினர் ‘ஆம்’ என்றார்களாம். எங்கள் பத்திரிகைகளும் அதை எடுத்துப் போட்டன. அந்தக் கணிப்பில் அந்த வயதினர் மொத்தம் 14 பேர்தான். பதினான்கு பிள்ளைகளில் பத்துப் பேர். அந்த எண்ணை நான் அடுத்த ஐந்து ஆண்டுகளும், ஓய்வு பெறும்வரை, ஒவ்வொரு வகுப்புக்கும் எழுதிக் காட்டினேன். இளைஞர் எல்லோரும் இப்படி, முதியவர் எல்லோரும் அப்படி என்று ஒரு தலைமுறையையே குற்றம் சாட்ட எவ்வளவு சின்னத் தரவு போதுமாயிருக்கிறது என்பது இன்னமும் என்னை வருத்துகிறது.

ஸ்கொட்லாந்திலும் பெண்களைக் குறைத்து மதித்த தவறு நடந்தது. இம்முறை ‘இல்லை’ பக்கத்தில். ஓகஸ்ட் இறுதியில் அவர்கள் வெளியிட்ட விளம்பரத்தில், காலைவேளையில் அடுக்களை மேசையில் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு தாய், கணவன் ஓயாமல் வாக்கெடுப்பைப் பற்றியே பேசுகிறார் என்று அலுத்துக்கொள்கிறாள், முதலமைச்சரின் பெயரும் அவளுக்குச் சட்டென்று வாயில் வரவில்லை, யோசிக்க நேரமில்லாமல் ‘இல்லை’ என்று முடிவெடுக்கிறாள். தீர்மானிக்காத பெண்களை இழுப்பதற்காக எடுத்த படம் அந்தப் பெண்களையே புண்படுத்தியது. வெல்லப்போகும் பக்கமும் தன் வாக்காளரை இப்படிக் கற்பனை செய்ய முடியும் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆனாலும் ஸ்கொட்லாந்து வாக்கெடுப்பில் நான் மதிக்கும் பெரிய விடயம் ஒன்றுண்டு. அங்கே வாழ்பவர்தான் வாக்காளர் என்பது விதி. ஸ்கொட்லாந்தில் பிறந்து இலண்டனில் குடியிருந்தவருக்கு வாக்கில்லை. கிளாஸ்கோவில் சட்டப்படி குடியிருந்த பொதுநலவாய நாட்டவருக்கு, எங்கள் ஊர்ப் பிள்ளைக்கும் கூட, வாக்குண்டு. ஆகவே இரு பக்கத்தாரும் எல்லாக் கதவுகளையும் தட்ட வேண்டியிருந்தது. வாக்களித்தோர் 84.6 வீதம். ‘இல்லை’ 55.3, ‘ஆம்’ 44.7. செப்டெம்பர் 19ஆம் திகதி விடியற்காலையில் சல்மண்ட் மக்களின் தீர்ப்பை ஏற்கிறேன் என்றும் எல்லோரும் ஏற்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்; அன்றே பதவி விலகலையும் அறிவித்தார். யார் பிறந்த இடத்தையும் அவர் அந்த மேடையில் எண்ணிக் காட்டவில்லை. எட்டு மாதங்களில் நடந்த பொதுத்தேர்தலில் அவருடைய கட்சி ஸ்கொட்லாந்தின் 59 ஆசனங்களில் 56ஐ வென்றது.

பேச்சும் விளம்பரமும் ஆயுதமாக இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பதை அறிய, இந்தோனேசியாவின் பிடியிலிருந்த கிழக்குத் திமோரைப் பார்க்க வேண்டும். 1999 ஓகஸ்ட் 30ஆம் திகதி, வீடுகளை எரிப்போம் என்று இந்தோனேசியப் பக்கத்துத் துணைப்படைகள் மிரட்டிக்கொண்டிருக்கையில், பதிவு செய்திருந்தவர்களில் 98 வீதத்துக்கு மேற்பட்டோர் விடியமுன் வரிசையில் வந்து நின்றார்கள். 78.5 வீதத்தினர் இந்தோனேசியாவுக்குள் தன்னாட்சி என்ற திட்டத்தை மறுத்தார்கள். முடிவு வந்ததும் ஊர்கள் எரிந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அந்த ஆண்டு வன்முறையில் உயிரிழந்தார்கள். அங்கே பிரசார உத்தி என்று ஆராய எனக்கு மனம் வருவதில்லை.

எங்கள் நாட்டில் நாடு தழுவிய சர்வசன வாக்கெடுப்பு ஒரு தடவைதான் நடந்திருக்கிறது. 1982 டிசம்பர் 22இல், பொதுத்தேர்தல் இல்லாமலே நாடாளுமன்றத்தின் ஆயுளை இன்னும் ஆறு ஆண்டுகள் நீட்டலாமா என்று அவசரகாலச் சட்டத்தின் கீழ் கேட்டார்கள். நீட்டலாம் என்பதற்கு விளக்குச் சின்னம். வேண்டாம் என்பதற்குக் குடம். விளக்கை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று கவனியுங்கள். எங்கள் அம்மம்மாவுக்கு அப்போது எழுபது வயது. பொழுது பட்டதும் விளக்கேற்றாமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவர், ‘விளக்குக்கு எதிராகப் புள்ளடி போடச் சொல்லுறியளோ?’ என்று கோபித்துக்கொண்டார். அம்மா வாதாடவில்லை. வாக்களிப்பு நாளன்று காலையில், வாசலில் மெழுகிய இடத்தில் நெல்லைப் பரப்பி, அதன்மேல் குடத்தில் நீர் நிறைத்து, மாவிலை செருகித் தேங்காய் வைத்தார். நிறைகுடத்தைக் கண்ட அம்மம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு புறப்பட்டார். எதற்குப் போட்டார் என்று சாகும்வரை சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. என் கண்முன் நடந்த பிரசாரங்களில் அதைவிடக் கண்ணியமானது ஒன்றை நான் காணவில்லை. நாடு முழுவதிலும் விளக்கு 54.66 வீதத்தோடு வென்றது.

சீட்டு எண்ணும் மேசையில் இருந்தவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1995இல் கியூபெக்கில் நிராகரிக்கப்பட்ட சீட்டுகள் ஏறத்தாழ 86,000; அதாவது வெற்றி வித்தியாசத்தைவிட அதிகம். ஷொமெடே என்ற ஒரு தொகுதியில் மட்டும் பத்தில் ஒன்றுக்கு மேல் ஒதுக்கப்பட்டது. புள்ளடி சற்றுச் சரிந்திருக்கிறது, கோடு தடித்திருக்கிறது என்று சொல்லி ஒதுக்கினார்களாம். வாக்காளர் எதை நினைத்தார் என்பது தெளிவாகத் தெரியும் ஒரு சீட்டை, கட்டத்துக்கு வெளியே நூலளவு நீண்ட ஒரு கோட்டுக்காகத் தூக்கி வைக்கச் சொன்ன மேலதிகாரி ஒருவரோடு நானும் ஓர் இரவு முழுதும் தர்க்கப்பட்டிருக்கிறேன். அந்தச் சீட்டைப் போட்டவர் யாரென்று எவருக்கும் தெரியாது. அவர் அன்று வேலையை விட்டு, வெயிலில் வரிசையில் நின்றிருப்பார்.

இனி, நடக்காத வாக்கெடுப்பு. 1987 ஜூலை 29இல் கையொப்பமான இலங்கை இந்திய ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்தது. 1988 டிசம்பர் 31க்கு முன்பு கிழக்கு மாகாண மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, இணைந்திருப்பதா பிரிந்திருப்பதா என்று சாதாரண பெரும்பான்மையால் தீர்மானிக்கலாம் என்று அது சொன்னது. அது சுதந்திரத்துக்கான வாக்கெடுப்பல்ல. ஆனாலும் இந்த மண்ணின் மக்களிடம் தங்கள் ஆட்சியின் எல்லை எது என்று கேட்கப்பட இருந்த ஒரே கேள்வி. அந்த ஒப்பந்தத்தில், வாக்கெடுப்புக்கு முன்பு கூட்டங்களும் சட்டத்துக்கு உட்பட்ட ஏனைய பிரசாரங்களும் அனுமதிக்கப்படும் என்று ஒரு வாக்கியம் உண்டு. நான் அந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். ஒப்பந்தம் கொடுத்த அதிகாரத்தின்படி சனாதிபதிமார் வாக்கெடுப்பை ஆண்டாண்டாக ஒத்திவைத்தார்கள். திருகோணமலையில் இயங்கிய வடக்கு கிழக்கு மாகாண சபை 1990இல் கலைந்தது. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாது என்று தீர்த்தது. 2007 ஜனவரி முதல் இரண்டும் தனி மாகாணங்கள். வாக்குச்சீட்டு அச்சாகவே இல்லை.

நடந்திருந்தால் என்ன முடிவு வந்திருக்கும் என்று எங்கள் பக்கத்தில் இன்றும் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. தமிழர் இத்தனை வீதம், முஸ்லிம்கள் இத்தனை வீதம், சிங்களவர் இத்தனை வீதம் என்று குடிசன மதிப்பீட்டை வைத்துக் கூட்டிக் கழிப்பார்கள். பரிசோ அன்றிரவு மேடையில் போட்ட கணக்குக்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. ஒரே மொழி பேசும் முஸ்லிம் மக்களை அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகச் சேர்க்காமலே இணைப்பை எழுதினார்கள். 1988 நவம்பரில் நடந்த மாகாண சபைத் தேர்தலில் அஷ்ரப்பின் முஸ்லிம் காங்கிரஸ் 17 ஆசனங்களை வென்றபோதாவது, அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

திருகோணமலைக்கு அருகே கிண்ணியாவில் தமிழ் படிப்பித்த முஸ்லிம் மாஸ்டர் ஒருவர் எனக்கு நெடுநாள் நண்பர். வாக்கெண்ணும் இரவுகள் பலவற்றை ஒரே மேசையில் கழித்திருக்கிறோம். போன மாதம் அவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது, அந்த வாக்கெடுப்பு நடந்திருந்தால் நீங்கள் எதற்குப் போட்டிருப்பீர்கள் என்று அவரிடம் கேட்டேன். முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாகப் பழகியும் அதுவரை நான் கேட்டதில்லை.

‘யாரு வந்து என்னட்ட கேட்டிருப்பாங்க, சேர்?’ என்றார். ‘உங்கட ஆக்கள் உங்கட வீடுகளுக்குப் போயிருப்பாங்க. எங்கட ஆக்கள் எங்கட வீடுகளுக்கு வந்திருப்பாங்க.’

நான் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்றேன்.

‘முதல்ல உள்ளுக்கு வாங்கன்னு சொல்லியிருப்பன். பொறகு, சேர்ந்தா எங்கட புள்ளைகளுக்கு என்ன இடம், அத எங்க எழுதி வெச்சிருக்கீங்கன்னு கேட்டிருப்பன்.’

1988இல் எனக்கு இருபத்தொன்பது வயது. நானும் கிண்ணியாவில்தான் படிப்பித்தேன். அப்போது பாலம் கிடையாது. ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் சைக்கிளை ஏற்றி அக்கரையில் இறங்கி, பள்ளிக்கூடம் வரை மிதித்துப் போவேன். அவருடைய வீட்டு வாசலைக் கடந்துதான் நாளாந்தம் போய்வந்தேன்.